அத்தானின் இதயமும் மூன்று சட்டங்களும்

என் அக்காவின் கணவருக்கு மாரடைப்பு வந்தது ட்ராமில், ரைன் நதிப் பாலத்தின் மேல். மத்தியான வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரில் நதியின் மேற்குக் கரை ஒரு மாநிலம், கிழக்குக் கரை இன்னொரு மாநிலம். சனங்கள் ஒரு மாநிலத்தில் நித்திரை கொண்டு, மற்ற மாநிலத்தில் வேலை செய்து, எங்கே மலிவோ அங்கே சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். நடுவில் ஒரு எல்லை இருப்பது காற்பந்தாட்டம் நடக்கும் நாட்களில் மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அத்தானின் இதயத்துக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அத்தான் ஓர் இத்தாலிய உணவகத்தில் பீட்சா போடுபவர். அடுப்பு வெக்கையில் நின்று நின்று காய்ந்த உடம்பு. சிகரெட் இல்லை. பியர்கூட யாராவது ஊற்றிக் கையில் கொடுத்தால்தான். அப்படிப்பட்ட மனிதர் ட்ராமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் சரிந்து விழுந்தார். ட்ராம் மேற்குக் கரையில் போய் நின்றது. அங்குள்ள நகர வைத்தியசாலையில் இதயத் துடிப்பைப் பதிந்து, இரத்தம் எடுத்து, குழாய்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பல இடத்தில் அடைப்பு. உடனே கிழக்குக் கரையிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி, நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். பிறகு, இந்த நாட்டு வழக்கப்படி, உடம்பைத் தேற்றிக்கொள்ள ரேஹாவுக்கு அனுப்பினார்கள். அந்த ரேஹா விடுதி மூன்றாவது மாநிலத்தில், ஒரு காட்டுக்குள் இருந்தது. அதை நடத்தியது கத்தோலிக்கத் திருச்சபை. காலையில் சுவாசப் பயிற்சி, மாலையில் மெதுநடை, விருப்பமானவர்களுக்குச் செபம். அத்தான் மூன்றுக்கும் போனார். செப மண்டபத்தில் கதிரைகள் வசதி என்று சொன்னார்.

நான் வேலை செய்வது கிழக்குக் கரை வைத்தியசாலையில்தான். இதயநோய்ப் பிரிவில் நடக்கும் ஆய்வுகளுக்காக நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துக் கணினியில் பதிவது என் வேலை. எங்கள் பிரிவின் தலைவி ஒரு பேராசிரியை. உயரமான, வேகமாக நடக்கிற பெண். அத்தான் எனக்கு உறவு என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டு, ஏன் இவருக்கு இப்படி வந்தது என்று என்னிடமே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பிறகு மேசையிலிருந்து ஓர் அட்டவணையை எடுத்துக் காட்டினார். குடும்ப வைத்தியர்கள் அதைப் பார்த்துத்தான் யாருக்கு மாரடைப்பு வரலாம் என்று கணிப்பார்களாம். வயது, புகை, நிறை, இரத்த அழுத்தம் என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். அட்டவணைப்படி உங்கள் அத்தான் இந்த நேரம் பூங்காவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

அந்த அட்டவணை இந்த நாட்டு உடம்புகளைப் பார்த்துச் செய்தது. மெலிந்த உடம்பு, கொஞ்சம் வயிறு, இளவயதிலேயே சீனி வியாதி, நாற்பது ஐம்பதில் மாரடைப்பு என்று எங்கள் பக்கத்து ஆண்கள் வந்து படுப்பதைப் பேராசிரியை பல வருடங்களாகக் கவனித்து வந்திருக்கிறார். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம். இதைப் பிற நாடுகளில் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் இங்குள்ள குடும்ப வைத்தியர்களின் கையில் அது போய்ச் சேரவில்லை. எங்கள் வைத்தியசாலை, மேற்குக் கரை வைத்தியசாலை, அந்தக் காட்டு ரேஹா ஆகிய மூன்று இடங்களிலும் ஏற்கெனவே கிடக்கும் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்தப் பகுதிக்கென்று ஓர் உண்மை தெரியும் என்றார். கோடைக்குள் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அவர் இதயத்தைப் படித்தவர், சட்டம் படித்தவரல்ல.

எங்கள் வைத்தியசாலையில் தரவுப் பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார். சாதுவான மனிதர். யாரையும் நோகப் பேசமாட்டார். நோயாளிகளின் விவரங்கள் கண்டவன் கையில் போகக் கூடாது என்பதில் உயிரையே வைத்திருப்பவர். அவர் எங்களை உட்கார வைத்து, கோப்பி ஊற்றித் தந்து, நிலைமையை விளக்கினார். எங்கள் மாநிலச் சட்டப்படி எங்கள் வைத்தியர்கள் எங்கள் நோயாளிகளின் விவரங்களை வைத்து ஆய்வு செய்யலாம், ஆனால் வெளியே கொடுக்க முடியாது. மேற்கு மாநிலச் சட்டப்படி வெளியே கொடுக்கலாம், ஆனால் அதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் பொது நலன் மிகப் பெரிதென்று அங்குள்ள அமைச்சுக்கு நிரூபிக்க வேண்டும். ரேஹா இருக்கும் மாநிலத்துச் சட்டம் மிகவும் தாராளமானது. ஆனால் ரேஹா திருச்சபையுடையது. திருச்சபைக்கென்று தனித் தரவுச் சட்டம் இருக்கிறது.

நான் அதை நம்பவில்லை. அவர் எடுத்துக் காட்டினார். உண்மையாகவே இருந்தது. பத்திகளும் உட்பிரிவுகளுமாக, வெகு நேர்த்தியாக. ஆக, சாமி படத்துக்கு முன்னால் விபூதி பூசாமல் வீட்டை விட்டு வெளிக்கிடாத அத்தானின் இரத்த அழுத்தம் இப்போது ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பாதுகாப்பில் இருந்தது.

பேராசிரியை ஒரு கேள்வி கேட்டார். மேற்குக் கரையில் எடுத்த இதயப் படம் சிகிச்சைக்காக அன்றைக்கே எங்களுக்கு வந்துவிட்டது. எங்கள் கணினியில்தான் கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் அறுவைச் சிகிச்சையே முடிவானது. அதையாவது ஆய்வில் சேர்க்கலாமா?

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வைத்தியராக நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஆய்வாளராக இன்னும் பார்க்கவில்லை."

"இரண்டு பேரும் நான்தானே?"

"அதுதான் சிக்கலே" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

அன்றிலிருந்து பேராசிரியை அந்தப் படத்தைப் பற்றி ஏதாவது சொல்ல நேர்ந்தால், நான் இப்போது வைத்தியராகப் பேசுகிறேன் என்று முதலில் அறிவித்துவிட்டுத்தான் பேசுவார். முதலில் நாங்கள் சிரித்தோம். சில மாதங்களில் அது பிரிவின் வழக்கமாகிவிட்டது, யாரும் சிரிக்கவில்லை.

சரி, நோயாளிகளிடமே சம்மதம் கேட்போம் என்று முடிவாயிற்று. முதலில் அத்தான். அவர் அப்போது வீட்டில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். இருமும்போது நெஞ்செலும்பு வலிக்காமலிருக்க அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவும் முடியாமல் தலையணையை இறுக்கிப் பிடித்தார். அவருடைய விவரங்களை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றுவது என்பதே அவருக்கு விளங்கவில்லை. அக்கா வாட்ஸ்அப் குழுவில் அன்றாடம் செய்தி போட்டதில், அவருடைய கொலஸ்ட்ரோல் அளவு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் மாமிமாருக்கெல்லாம் பாடம். பைபாஸுக்காகக் காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாய் எவ்வளவு நீளம் என்று தமிழ்க் கடையில் மரவள்ளிக்கிழங்கு வாங்க வந்த ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். நான் அந்த வைத்தியசாலையில் வேலை செய்கிறேன் என்று சொல்லியும் அவர் நிறுத்தவில்லை.

"நான் இந்த நாட்டுக்கு அகதியா வந்த அண்டைக்கு விரலெல்லாம் மையில அமத்தினவங்கள்" என்றார் அத்தான். "நெஞ்சைப் படம் எடுத்தவங்கள். சொந்தக் கதையை மூண்டு தரம் சொல்ல வைச்சு எழுதினவங்கள். அப்ப ஒருத்தரும் என்னட்டைச் சம்மதம் கேக்கேல்லை. இப்ப இந்தப் படத்துக்கு மட்டும் இவ்வளவு மரியாதையோ? தாரும், எங்க கையெழுத்து வைக்கிறது?"

ஆனால் உடனே வைக்க ஏலாது. நோயாளி விளங்கித்தான் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. அத்தானுக்குச் சமையலறையில் பழகிய ஜேர்மன், எங்கள் பேச்சில் டொய்ச், நன்றாக வரும், ஆனால் அது சட்டப்படி எவ்வளவு போதும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் மொழிபெயர்க்கக் கூடாது, உறவு. ஆகவே நீதிமன்றத்தில் சத்தியம் செய்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஸ்டுட்கார்ட்டிலிருந்து வரவழைத்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். கணவர் அங்கே ஒரு கார் நிறுவனத்தில் பொறியியலாளர். படிவத்தை முன்கூட்டியே மொழிபெயர்த்து எழுதிக் கொண்டுவந்திருந்தார், அவ்வளவு பொறுப்பு. அதை நிதானமாக வாசித்தார். தன்னார்வத் தகவலறிந்த ஒப்புதல், தரவு மீட்பு உரிமை, புனைபெயராக்கம். அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே வந்து கடைசிச் சொல்லில் நிறுத்தினார்.

"எனக்கு ஏன் பிள்ளை புனைபெயர்? நான் கதை கட்டுரை ஒண்டும் எழுதிறேல்லையே."

"இல்ல சார், அது பேசிக்கலி உங்க நேமுக்கு பதிலா ஒரு கோட் போடுவாங்க. உங்கள ஐடென்டிஃபை பண்ண முடியாது."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் உறவு என்பதால் சுவரைப் பார்த்தேன். கடைசியில் அவர் மிகவும் பணிவாக, அந்த டொய்ச் தாளைத் தரச் சொல்லிக் கேட்டார். அதுதான் தனக்கு விளங்கும் என்றார். வாசித்தார், விளங்கியது, கையெழுத்து வைத்தார். அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகப் போய்விடக் கூடாதென்று அக்கா வடையும் தேநீரும் கொடுத்து, கோயம்புத்தூரில் பவுண் என்ன விலை போகிறதென்று விசாரித்தார்.

அந்தக் கையெழுத்து எங்கள் வைத்தியசாலைக்கு மட்டும்தான் செல்லுபடியாகும் என்று பிறகு தெரிய வந்தது. எங்கள் படிவத்தில் எங்கள் மாநிலச் சட்டத்தின் பத்தி குறிப்பிட்டிருந்தது. மேற்குக் கரைக்காரர்கள் அதை ஏற்கவில்லை, தங்கள் பத்தியைக் குறிப்பிட்டுத் தங்கள் படிவத்தில் வேண்டும் என்றார்கள். ரேஹாவின் படிவத்தை மறைமாவட்டத்தின் தரவு அதிகாரி பார்க்க வேண்டும். அவர் யாத்திரை போயிருந்தார். இதை நான் சுவைக்காகச் சேர்க்கவில்லை, தொலைபேசியில் அப்படித்தான் சொன்னார்கள்.

இப்படி இழுபட்டுக்கொண்டிருக்கையில் பெர்லினில் புதிதாக ஒரு மத்திய சட்டம் வந்தது. வைத்தியசாலைகள் தங்கள் தரவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவதையும், பல மாநிலங்களில் நடக்கும் ஆய்வுகளையும் இலகுவாக்குவதற்கான சட்டம் என்றார்கள். பேராசிரியை பிளம்ஸ் கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். அதிகாரியும் ஒரு துண்டு சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, புதிய சட்டம் வந்ததால் பழைய மாநிலச் சட்டங்கள் எந்த அளவுக்கு இன்னும் செல்லும் என்பதைத் தெளிவுபடுத்த ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறது என்றார். அந்தக் குழுவில் அவரும் இருந்தார். முதல் கூட்டம் எந்த மாநிலத்தில் நடக்க வேண்டும் என்பதில் ஒரு சின்ன இழுபறி.

அந்தக் கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போனபோது இந்தக் குழுவைப் பற்றிச் சொன்னேன். அத்தான் அப்போது மெல்ல வேலைக்குத் திரும்பியிருந்தார், அரை நாள். கேட்டுவிட்டு அவரும் ஒரு கேள்வி கேட்டார்.

"என்ரை படத்தை நான் கேட்டால் தருவினமோ?"

"ஓம், தரத்தான் வேணும். அது உங்கட உரிமை."

"தந்தால் நான் அதை எங்கையும் கொண்டு போகலாமோ?"

இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு காலம் கூடியிருந்து பேசியும் அந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை. எனக்கும்தான். யாரும் முட்டாள்களல்ல, தரவு என்றால் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போகும் பொருள் என்றுதான் எல்லோரும் நினைத்துப் பழகியிருந்தோம்.

அத்தான் மேற்குக் கரைக்குப் போய் டேர்மின் எடுத்து, அதாவது நேரம் குறித்துக்கொண்டு, தன் முழுக் கோப்பையும் சீடியில் பதிந்து வாங்கினார். காட்டு ரேஹாவுக்குப் பேருந்து பிடித்துப் போய் அங்கேயும் வாங்கினார். போனதுக்குச் செப மண்டபத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டும் வந்தார். பிறகு இரண்டையும் தமிழ்க் கடைப் பொலித்தீன் பையில் போட்டு, ட்ராமில் ஏறி, பாலத்தைக் கடந்து, பேராசிரியையின் மேசையில் கொண்டுவந்து வைத்தார். பையில் ஒரு கட்டு கறிவேப்பிலையும் இருந்தது. அது அக்கா வாங்கச் சொன்னது.

பேராசிரியை அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி பையைப் பார்த்தார். தன் அறைக்குப் போய் நெடுநேரம் வாசித்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. ஒருவர் தன்னுடைய சொந்த விவரங்களைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, தானே கொடுத்து, அதற்குச் சம்மதமும் எழுதித் தந்தால் எங்கள் மாநிலச் சட்டம் அதைத் தடுக்கவில்லை, மற்ற இரண்டு சட்டங்களும் அந்த இடத்திலேயே இல்லை என்றார். கறிவேப்பிலையை மட்டும் வெளியே எடுத்துவிடச் சொன்னார். ஆக, ஏற்கெனவே எங்கள் கணினியில் கிடந்த அதே இதயப் படம் இரண்டாம் தடவையாக அதே கணினிக்குள் போனது. இந்தத் தடவை பேராசிரியை அதை ஆய்வாளராகப் பார்த்தார். வைத்தியராக நான் சொன்னதை ஆய்வாளராக ஒத்துக்கொள்கிறேன் என்றார்.

அத்தான் அத்தோடு நிற்கவில்லை. கோயில் திருவிழாவில் அன்னதானம் முடிந்ததும் மண்டபத்தில் நின்று, மாரடைப்பு வந்த ஆண்கள் எல்லோரும் கை உயர்த்துங்கோ என்று கேட்டார். எங்கள் சனங்களிடம் எதையும் இரகசியமாகச் சொல்லத் தேவையில்லை. கைகள் எழுந்தன. சிலருக்காக மனைவிமார் கை உயர்த்தினார்கள். தொடர்ந்து வந்த மாதங்களில் எங்கள் பிரிவுக்குப் பைகள் வந்தன. மளிகைக் கடைப் பைகள், மருந்துக் கடைப் பைகள், ஒருவர் பள்ளிப் புத்தகப்பையில். அத்தான் தனக்குத் தெரிந்த பஞ்சாபி டாக்சிக்காரரையும் வங்காளத்து உணவகக்காரரையும் பிடித்து அனுப்பினார். வரவேற்பில் இருந்த பெண் என்னைக் கூப்பிடும்போது, உங்கள் தரவு வந்திருக்கிறது, இருமிக்கொண்டு நிற்கிறது என்பாள்.

ஆய்வு பெரிதாக வரவில்லை. பை தூக்கி வரத் தெம்பிருந்தவர்களின் விவரங்கள் மட்டும்தான் அதில் இருந்தன. செத்தவர்கள் யாரும் பை கொண்டுவரவில்லை. பேராசிரியை அதைக் கட்டுரையிலேயே நேர்மையாக எழுதினார். ஆனாலும் ஒரு பக்கத்தில் அடங்குகிற அறிவுரை ஒன்றை எங்கள் பகுதியிலுள்ள குடும்ப வைத்தியர்களுக்கு அனுப்பினார்: இந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் மெலிந்திருந்தாலும் அட்டவணையை நம்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், வேளைக்கே இதயத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று.

அது வந்து சில மாதங்களில் அத்தானின் தம்பி எங்கள் வாட்டில் வந்து படுத்தார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை, அத்தானைப் போலவே ஒல்லி. நெஞ்செரிவு என்று வருடக்கணக்காக வைத்தியரிடம் குளிசை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவர். இந்த முறை அதே வைத்தியர் குளிசை எழுதாமல் எங்களிடம் அனுப்பிவிட்டார். இரண்டு குழாய்கள் ஏறக்குறைய அடைபட்டிருந்தன. ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று வைத்தியர் தொடங்கி, முடிக்கவில்லை.

இரண்டாம் நாள் நான் சம்மதப் படிவத்தோடு போனேன். அத்தான் அங்கே கதிரையில் இருந்தார், ஆய்வு தன்னுடைய சொந்தக் கடை மாதிரி ஒரு பெருமிதத்தோடு. நான் விளக்கத் தொடங்கும் முன்பே, வை, கையெழுத்து வை என்று தம்பியிடம் பேனாவை நீட்டினார்.

தம்பி பேனாவை வாங்கவில்லை. "எனக்கு விருப்பமில்லை" என்றார்.

அத்தான் எழும்பிவிட்டார். நான் பட்டதெல்லாம் ஆருக்காக, அந்தத் தாள் உன்ரை டொக்டரிட்டைப் போகாட்டி நீ இண்டைக்கு எங்க இருந்திருப்பாய் என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் தொலைக்காட்சியைக் குறைத்தார். தம்பி அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் ஊரில படிச்ச பள்ளிக்கூடத்தில பொடியளின்ரை பேரெல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருந்தவை. நல்ல விசயத்துக்குத்தான். விளையாட்டுக் குழு. பிறகு சண்டைக் காலத்தில அதை ஆர் கையில எடுத்தினமோ தெரியாது, அதைப் பாத்து வீடு வீடா வந்து பொடியளைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். உங்கடை ஆக்கள் நல்ல ஆக்கள்தான். எண்டாலும் என்னை விடுங்கோ."

நான் அதற்கு முன்பு இதைக் கேள்விப்பட்டதில்லை. அத்தானுக்குத் தெரிந்திருந்தது என்பது அவர் மெல்லத் திரும்ப உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. பெயர் இருக்காது, குறியீடுதான் இருக்கும் என்பது வாய் வரை வந்தது. வேலையில் பழகிப்போன வசனம். சொல்லவில்லை. எங்களை இவ்வளவு காலம் அலைக்கழித்த அந்த மூன்று சட்டங்களும், சாதுவான அதிகாரியும், யாத்திரை போனவரும், எல்லோரும் இப்படி ஒரு மனிதர் கட்டிலில் இருந்து வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று எண்ணித்தான் இருந்திருக்கிறார்கள். அவரைத்தான் நாங்கள் ஒருவரும் எண்ணவில்லை. இதற்காக நான் அந்தச் சட்டங்களை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது அவற்றைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"சரி அண்ணை, அது உங்கட விருப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை" என்றேன். வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றும் சொன்னேன். அது படிவத்தில் அச்சடித்திருக்கும் வசனம்தான், ஆனாலும் அவர் முகம் தளர்ந்தது.

மத்தியானச் சாப்பாடு வந்தது. அத்தான் மூடியைத் திறந்து, ஒரு கரண்டி சூப்பைத் தானே முதலில் எடுத்துக் குடித்துப் பார்த்தார். உப்பே இல்லை என்றார். எனக்கு உப்புக் கூடாது என்று சொல்லிப்போட்டினம் அண்ணை என்றார் தம்பி. அப்ப இதில பச்சைமிளகாயாவது வெட்டிப் போட்டிருக்கலாம், என்ன குசினி இது என்று அத்தான் இத்தாலியச் சமையலறையில் திட்டுகிற அதே குரலில் திட்டத் தொடங்கினார். தம்பி சிரித்துக்கொண்டே கரண்டியைக் கேட்டார். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.